காரை மண்ணில் ஒரு சுறாவின் பல்



இந்த வாரத் தியானத்துக்கு யோபுவின் புத்தகம் 38-ஆம் அதிகாரம் தொடங்கி 41-ஆம் அதிகாரம் வரை வாசித்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். பிள்ளைகளையும் ஆஸ்தியையும் சரீர சுகத்தையும் இழந்து சாம்பலில் உட்கார்ந்திருந்த மனிதனுக்குத் தேவன் மறுமொழி கொடுக்கும் பகுதி அது. அந்த மறுமொழியில் யோபு கேட்ட எதற்கும் நேரான விடை இல்லை. அதற்குப் பதிலாகக் கடலின் அடியிலுள்ள ஊற்றுகளையும், மனிதர் குடியிராத வனாந்தரத்தில் பெய்யும் மழையையும், கடைசியாக ஒருவராலும் தூண்டில் போட்டுப் பிடிக்க முடியாத லிவியாதான் என்னும் பெரிய நீர்வாழ் உயிரையும் தேவன் அவனுக்குக் காட்டுகிறார். துக்கத்தில் இருக்கும் ஒருவனுக்குக் கடல்மிருகத்தைப் பற்றி ஏன் ஓர் அதிகாரம் முழுவதும் சொல்லவேண்டும்? இந்தக் கேள்வி பல ஆண்டுகளாக என்னோடு இருக்கிறது. அதற்கான விடையின் ஒரு பகுதி நம் மாவட்டத்து மண்ணிலேயே கிடக்கிறது என்று நினைக்கிறேன். அதைப் பகிர்ந்துகொள்ளவே இதை எழுதுகிறேன்.

திருமானூரில் வாழும் நமக்குத் தண்ணீர் என்றால் கொள்ளிடம். தெற்கே அதன் மணற்பரப்பு. வடக்கே மழைக்காலத்தில் நிறைந்து பறவைகளை வரவேற்கும் கரைவெட்டி ஏரி. கடலைப் பார்க்க வேண்டுமானால் கொள்ளிடத்தோடே கிழக்கு நோக்கிப் போய்ப் பழையாறு வரை செல்லவேண்டும். நம்மில் பலருடைய பாட்டன் பாட்டிகள் கடலைக் கண்ணால் காணாமலே வாழ்ந்து மறைந்தவர்கள். ஆயினும் நம் அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களின் பல பகுதிகள் ஒரு காலத்தில் கடலடித் தரையாக இருந்தன. சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வேலை செய்யும் நம் சபைச் சகோதரர்களுக்கு இது புதிய செய்தி அல்ல. கல்லங்குறிச்சிப் பக்கத்துச் சுண்ணாம்புப் பாறையில் சிப்பிகள் அடுக்கடுக்காகப் பதிந்திருப்பதை அவர்கள் நாள்தோறும் காண்கிறார்கள்.

நமக்கு வடமேற்கே, பெரம்பலூர் மாவட்டத்தில் காரை என்ற கிராமம் இருக்கிறது. அதன் அருகே மழைநீர் அரித்து அரித்து உண்டாக்கிய ஓடைகளும் மேடுகளும் நிறைந்த களிமண் பூமி ஒன்று உண்டு. புல் பூண்டு அதிகம் இல்லாத, வெயிலில் வெடித்துக் கிடக்கும் நிலம். நிலவியல் படிப்பவர்கள் இந்தியாவின் பல பாகங்களிலிருந்து அதைப் பார்க்க வருகிறார்கள். அந்தக் களிமண், ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கும் 9 கோடி ஆண்டுகளுக்கும் இடைப்பட்ட காலத்தில் கடலுக்கு அடியில் படிந்த சேறு என்று அவர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். அங்கே அம்பு நுனியைப் போன்ற சிறு கற்கள் ஏராளமாகக் கிடக்கும். அவை கணவாய் மீனின் உறவான பெலம்னைட் என்ற உயிரினத்தின் உள்ளோடுகள். ஆட்டுக்கடாவின் கொம்புபோல் சுருண்ட அம்மோனைட்டுகளும் உண்டு. அவற்றின் நடுவே எப்போதாவது பளபளப்பான ஒரு பல் தென்படும். அது சுறாவின் பல்.

2011-ஆம் ஆண்டில் சார்லி அண்டர்வுட், அஞ்சலி கோஸ்வாமி, ஜி.வி.ஆர். பிரசாத், ஓம்கார் வர்மா, ஜான் ஃபிளின் ஆகிய ஐந்து ஆய்வாளர்கள் காரைப் படிவத்தில் கிடைத்த சுறாப் பற்களை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அதில் உலகில் வேறெங்கும் அதுவரை பெயரிடப்படாத ஒரு பெரிய வேட்டைச் சுறாவுக்கு ட்வார்டியஸ் சுடிண்டிகஸ் என்று பெயர் சூட்டினார்கள். பெயரின் இரண்டாம் பகுதி தென்னிந்தியாவைக் குறிக்கிறது. நம் பக்கத்து மண் தந்த மீன் என்பதற்காக நம் நாட்டின் பெயரையே அது சுமக்கிறது. அதே கட்டுரையில் கிளாடியோசெர்ராட்டஸ் மேக்னஸ் என்ற இன்னொரு பெரிய சுறாவுக்கும் பெயர் கிடைத்தது. சிப்பி ஓடுகளை நொறுக்கித் தின்பதற்கேற்ற தட்டையான பற்களையுடைய டைக்கோடஸ் என்ற சுறாவும் அதே கடலில் வாழ்ந்தது.

தென்னிந்தியாவின் பெயர் தாங்கிய அந்த மீனைப் பற்றி உலகம் அறிந்தது மிகவும் கொஞ்சம். அதற்குக் காரணம் உண்டு. சுறாவின் உடலில் நம்முடையதைப் போன்ற கெட்டியான எலும்பு இல்லை. காது மடலிலும் மூக்கு நுனியிலும் நாம் தொட்டுணரும் குருத்தெலும்பினால் ஆனது அதன் எலும்புக்கூடு. சுறா இறந்தால் அந்தக் குருத்தெலும்பு பெரும்பாலும் மட்கிப் போய்விடும். பற்களோ மிக உறுதியானவை. மேலும் சுறாவுக்கு வாழ்நாள் முழுவதும் பல் விழுந்து முளைத்துக்கொண்டே இருக்கும். தாடையின் உட்புறத்தில் வரிசை வரிசையாகப் புதுப் பற்கள் காத்திருக்க, முன்வரிசைப் பற்கள் உதிர்ந்துகொண்டே போகும். ஒரே சுறா பல்லாயிரம் பற்களைக் கடலடியில் விட்டுச் செல்கிறது. ஆகவே அந்த மீன் தன் வாழ்நாளில் இயல்பாக உதிர்த்துவிட்டுப் போனதே இன்று நம் கையில் சாட்சியாக இருக்கிறது.

பற்கள் மட்டும் கிடைத்தால் உடலின் அளவை எப்படி மதிப்பிடுவது? அதே குடும்பத்தைச் சேர்ந்த பிற சுறாக்களின் மிச்சங்கள் உதவுகின்றன. ஆஸ்திரேலியாவின் வடகோடியிலுள்ள டார்வின் நகரத்தருகே கிடைத்த பெரிய முதுகெலும்பு வட்டுகளை ஆராய்ந்தவர்கள், 2025-இல் தங்கள் முடிவை வெளியிட்டார்கள். ஏறத்தாழ 11.5 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த அந்தச் சுறா, காரைச் சுறாவின் குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் நீளம் 6 முதல் 8 மீட்டர் இருந்திருக்கும் என்றும், எடை 3 டன்னுக்கு மேல் இருந்திருக்கும் என்றும் அவர்கள் மதிப்பிட்டிருக்கிறார்கள். இன்றைக்குக் கடலை அச்சுறுத்தும் பெருவெள்ளைச் சுறாவையும் மிஞ்சும் உருவம் அது. காரைச் சுறாவும் அதே அளவினது என்று நான் சொல்ல வரவில்லை. அது எப்படிப்பட்ட குலத்தில் பிறந்தது என்பதற்கு இது ஓர் அடையாளம்.

அந்தக் காலத்தில் இந்தியா இன்றிருக்கும் இடத்தில் இல்லை. பூமத்திய ரேகைக்குத் தெற்கே வெகுதூரத்தில், மடகாஸ்கரோடு இன்னும் ஒட்டியபடி இருந்தது. ஆஸ்திரேலியாவும் அண்டார்டிகாவும் நம் கிழக்குக் கரையை விட்டு விலகிச் சென்ற பிளவில் கடல் புகுந்தது. அந்தக் கடலின் ஓரத்தில்தான் இன்றைய காரையும் கல்லங்குறிச்சியும் இருக்கின்றன. மீனைப் போன்ற உடலும் நீண்ட மூக்கும் உடைய இக்தியோசர் என்ற ஊர்வனவும் அங்கே நீந்தின. நம் பகுதியில் கிடைத்த அதன் எலும்பை 1879-இல் ரிச்சர்ட் லைடெக்கர் என்ற அறிஞர் விவரித்தார். இமயமலை அப்போது எழும்பவில்லை. காவேரி என்ற நதியும், கொள்ளிடம் என்ற கிளையும் இல்லை. மனிதன் இல்லை. அந்தச் சுறா வேட்டையாடியதைப் பார்த்து வியக்கவோ பயப்படவோ ஒருவரும் இருக்கவில்லை.

இந்தக் கல்வெட்டை வாசிக்கும் வேலை நம் பகுதியில் நெடுநாளாக நடந்து வருகிறது. 1840-களின் தொடக்கத்தில் கே, கன்லிஃப் என்ற இரண்டு ஆங்கில அதிகாரிகள் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிராப்பள்ளிப் பகுதிகளில் கடல்வாழ் உயிர்களின் படிவங்களைச் சேகரித்தார்கள். அவற்றிலிருந்த மீன்களின் மிச்சங்களை ஃபிலிப் எகர்ட்டன் லண்டனில் ஆராய்ந்தார். பின்பு இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் ஹென்றி பிளான்ஃபோர்டு இங்கே நடந்து திரிந்து பாறைகளின் வரைபடத்தை உருவாக்கி, ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று நம் ஊர்ப் பெயர்களாலேயே பாறைத் தொகுதிகளைப் பிரித்தார். அவற்றில் கிடைத்த உயிர்ப்படிவங்களை ஃபெர்டினாண்ட் ஸ்டோலிக்ஸ்கா என்பவர் பெரும் தொகுதிகளாக விவரித்து எழுதினார். இவர்களுக்கு நூறு ஆண்டுகளுக்கு முன்பே, நம் திருமானூருக்கு அருகிலுள்ள ஏலாக்குறிச்சியில் தங்கியிருந்த வீரமாமுனிவர், 1732-இல் சதுரகராதியைத் தொகுத்து இந்த நாட்டின் சொற்களை வரிசைப்படுத்தினார். ஒருவர் சொற்களைத் தொகுத்தார். மற்றவர்கள் கற்களைத் தொகுத்தார்கள். இருசாராருக்கும் பொறுமை தேவைப்பட்டது.

பிரியமானவர்களே, இவ்வளவும் நான் சொல்லக் காரணம் ஒரு தாயின் கண்ணீர்.

சில மாதங்களுக்கு முன் நம் சபையின் சகோதரி ஒருவர் ஆராதனை முடிந்தபின் காத்திருந்து என்னிடம் பேசினார். அவருடைய மகன் கல்லூரியில் நிலவியல் படிக்கிறான். அவன் ஆலயத்துக்கு வந்து பல ஞாயிற்றுக்கிழமைகள் ஆகியிருந்தன. விடுமுறையில் வீட்டுக்கு வந்தபோது காரைக்குக் கல்விச் சுற்றுலா சென்று அங்கே பார்த்ததைத் தாயிடம் உற்சாகமாகச் சொல்லியிருக்கிறான். வேறோர் ஊரில் நடந்த கூட்டத்தில், பூமிக்குக் கோடிக்கணக்கான வயது என்று சொல்கிறவன் வேதத்தை மறுதலிக்கிறவன் என்று ஒருவர் பிரசங்கித்ததை அவன் கேட்டிருந்தான். அன்றிலிருந்து அவனுடைய கால் ஆலயத்துக்குள் வரவில்லை.

“ஐயா, அவன் கெட்ட வழிக்குப் போகல. குடியில்ல, பொய்யில்ல. ஆனா பைபிளத் தொட மாட்டேங்கிறான். ரெண்டுல ஒண்ணுதான் உண்மையா இருக்க முடியும்மான்னு சொல்றான். நான் படிக்காதவ, என்ன பதில் சொல்லுவேன்?” என்று அவர் கேட்டார்.

அந்த வாரமே அவர்கள் வீட்டுக்குப் போனேன். தம்பி முதலில் பேசத் தயங்கினான். உபதேசம் செய்ய வந்திருக்கிறேன் என்று நினைத்திருப்பான். நான் காரையைப் பற்றிக் கேட்டேன். மெல்ல மெல்லப் பேச்சு வந்தது. களிமண்ணின் அடுக்குகளை எப்படி எண்ணுகிறார்கள், ஒரு வகை அம்மோனைட் இருந்தால் அது எந்தக் காலத்துச் சேறு என்று எப்படித் தெரிந்துகொள்கிறார்கள் என்று விளக்கினான். கைப்பேசியில் ஒரு பல்லின் படத்தைக் காட்டினான். நடுவே அகன்ற முக்கோணக் கூர். அதன் ஓரங்களில் மினுமினுப்பு இன்னும் போகவில்லை. அவனுடைய பேராசிரியர் அதைக் கிடந்த இடத்தைக் குறித்துக்கொண்டு துறையில் சேர்த்திருந்தாராம். அவன் பேசியதை அவனுடைய தாயும் கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். பேச்சின் முடிவில் அவன் என்னிடம் கேட்டான்: “ஐயா, நான் இந்தப் பல்லைப் பார்த்தது பாவமா?”

அந்தக் கேள்வி என்னை உலுக்கிற்று. தேவன் உண்டாக்கியதைப் பார்ப்பது பாவமா என்று ஒரு வாலிபன் கேட்கும்படி நம் பிரசங்கங்கள் அமைந்துவிடுமானால், அது அற்பக் காரியம் அல்ல.

நான் அவனுக்கு ஒரு மனிதனுடைய வரலாற்றைச் சொன்னேன். 1666-ஆம் ஆண்டு இத்தாலியின் கடற்கரையில் மீனவர்கள் ஒரு பெரிய சுறாவைப் பிடித்தார்கள். அதன் தலை ஃபுளோரன்ஸ் நகரத்துக்கு அனுப்பப்பட்டது. டென்மார்க்கில் லூத்தரன் குடும்பத்தில் பிறந்த நிக்கோலஸ் ஸ்டெனோ என்ற மருத்துவ அறிஞர் அதை அறுத்து ஆராய்ந்தார். அக்காலத்து ஐரோப்பாவில் பாறைகளுக்குள் கிடைக்கும் முக்கோணக் கற்களை நாக்குக்கல் என்று அழைத்தார்கள். மெலித்தா தீவில் பவுல் அப்போஸ்தலனின் கையை விரியன் பாம்பு கவ்வியதையும், அவருக்கு ஒரு தீங்கும் நேரிடாததையும் அப்போஸ்தலருடைய நடபடிகள் 28-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். அந்தத் தீவில் ஏராளமாகக் கிடைத்த நாக்குக்கற்கள், பவுல் சபித்த பாம்புகளின் நாக்குகள் என்று ஜனங்கள் நம்பினார்கள். விஷமுறிவுக்கென்று அவற்றை அணிந்தும் கொண்டார்கள். ஸ்டெனோ சுறாவின் வாயைத் திறந்து பார்த்தார். நாக்குக்கல்லும் சுறாப் பல்லும் ஒன்றே என்று கண்டார். கடலுயிரின் பல் மலைப்பாறைக்குள் எப்படி வந்தது என்ற கேள்வியைப் பின்தொடர்ந்து போய், அடியிலுள்ள படிவம் முந்தியது, மேலே இருப்பது பிந்தியது என்ற விதியை 1669-இல் எழுதினார். இன்றைக்கு அந்தத் தம்பி கல்லூரியில் படிக்கும் முதல் பாடங்களில் ஒன்று அது.

அதே ஸ்டெனோ பின்பு கத்தோலிக்க சபையில் சேர்ந்து, 1675-இல் குருவானவராகவும், 1677-இல் ஆயராகவும் அபிஷேகம் பெற்றார். ஏழைகளுக்குத் தன் உடைமைகளைக் கொடுத்து, எளிய வாழ்வு வாழ்ந்து 1686-இல் மரித்தார். 1988-இல் ரோமாபுரியின் சபை அவரை அருளாளர் வரிசையில் சேர்த்தது. நிலவியலுக்கு அஸ்திபாரம் போட்டவர்களில் ஒருவர் சுறாவின் பல்லைக் கையில் எடுத்தபோது, அவருடைய வேதத்தைக் கீழே போடவேண்டிய அவசியம் அவருக்கு உண்டாகவில்லை. பவுலின் பெயரைச் சொல்லி வழங்கிய கதை பொய்யென்று தெரிந்ததனால் பவுல் சிறுமைப்படவும் இல்லை.

“அப்படியானால் ஆறு நாட்கள்?” என்று தம்பி கேட்டான். நேர்மையான கேள்வி. உங்களில் பலருக்கும் அது இருக்கும். ஆகவே அவனுக்குச் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன். ஆதியாகமத்தின் நாட்களை எப்படிப் புரிந்துகொள்வது என்பதில் திருச்சபையின் பெரியவர்களுக்குள்ளேயே ஆதிமுதல் ஒரே கருத்து இருந்ததில்லை. அகஸ்டின் ஏறக்குறைய 1600 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவர். புதைபடிவங்களைப் பற்றிய எந்தச் சர்ச்சையும் அவர் காலத்தில் இல்லை. அவரே அந்த நாட்களை நம் கடிகாரத்தின் நாட்களாக எடுத்துக்கொள்ளவில்லை. வானத்தையும் பூமியையும் குறித்து அவிசுவாசிகள் தெளிவாக அறிந்த காரியங்களில், வேதத்தின் பெயரால் கிறிஸ்தவர்கள் தவறாகப் பேசினால், மறுமையைக் குறித்து அதே வேதம் சொல்வதை அவர்கள் எப்படி நம்புவார்கள் என்று அவர் கவலைப்பட்டு எழுதினார். நம் சபையில் ஆறு நாட்களை நேர்ப்பொருளாகவே ஏற்றுக்கொள்ளும் மூப்பர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய பக்தியை நான் மதிக்கிறேன். அவர்களோடு நான் திருவிருந்தில் பங்குபெறுகிறேன். ஆனால் இந்தக் காரியத்தில் வேறு விதமாகப் புரிந்துகொள்ளும் பிள்ளையை அந்தப் பந்தியிலிருந்து எழுப்பிவிட எனக்கு அதிகாரம் கொடுக்கப்படவில்லை. சிருஷ்டிகர் யார் என்பதை வேதம் எனக்குப் போதிக்கிறது. சிருஷ்டிப்புக்கு அவர் எவ்வளவு காலம் எடுத்துக்கொண்டார் என்பதைக் களிமண்ணிடம் கேட்டு அறிந்துகொள்வதை அவர் தடுத்ததாக நான் வாசிக்கவில்லை.

இதிலும் கடினமான ஒரு கேள்வி உண்டு. அதைத் தம்பி கேட்கவில்லை, நானே எனக்குள் கேட்டுக்கொண்டது. அந்தச் சுறா கொன்று தின்ற மீன். மனிதன் பாவம் செய்வதற்கு முன்பே, மனிதன் என்ற ஒருவன் இருப்பதற்கு முன்பே, காரையின் கடலில் இரத்தம் சிந்தப்பட்டது. நல்லது என்று தேவன் கண்ட உலகத்தில் அந்தப் பற்களுக்கு என்ன இடம்? சங்கீதம் 104-ஐ வாசிக்கும்போது இதற்கு ஒரு வெளிச்சம் கிடைக்கிறது. அங்கே சிங்கக்குட்டிகள் இரைக்காக முழங்குவதையும் சங்கீதக்காரன் ஜெபமாகவே கேட்கிறான். அவை தேவனிடத்தில் ஆகாரம் தேடுகின்றன என்கிறான். கடலின் பெரிய உயிர்கள் அவர் கையைத் திறக்கும்போது திருப்தியாகின்றன; அவர் சுவாசத்தை எடுத்துக்கொள்ளும்போது மண்ணுக்குத் திரும்புகின்றன. அந்தச் சங்கீதத்தில் வேட்டை மிருகத்தைக் குறித்து வெறுப்பின் ஒரு சொல்லும் இல்லை. யோபுவின் புத்தகத்தில் தேவன் லிவியாதானின் பற்களையும் செதில்களையும் விவரிக்கும்போது, தன் கைவேலையைக் காட்டும் ஒரு தச்சனின் மகிழ்ச்சி அவருடைய பேச்சில் தொனிக்கிறது. மரணத்தின் இரகசியம் முழுவதும் இதனால் எனக்கு விளங்கிவிட்டது என்று சொல்லமாட்டேன். நம் கல்லறைத் தோட்டத்தில் நான் அடக்கம் செய்த சிறு பிள்ளைகளை நினைக்கும்போது அந்தக் கேள்வி மறுபடியும் எழும்பத்தான் செய்கிறது. ஆனால் நம்மை அச்சுறுத்துகிற உயிரையும் அவர் உண்டாக்கினார், போஷித்தார், அதன்மேல் பிரியமாயிருந்தார் என்பதை அறிவது, துன்பத்தின் நாளில் பற்றிக்கொள்ள ஒரு கிளை.

யோபுவுக்கு ஏன் கடல்மிருகம் காட்டப்பட்டது என்று தொடக்கத்தில் கேட்டேன். நமக்கு வேதனை வரும்போது உலகம் முழுவதும் நம் வீட்டு வாசலோடு சுருங்கிவிடுகிறது. நம் நோய், நம் கடன், நம் பிள்ளையின் திருமணம், இவற்றுக்கு அப்பால் எதுவும் தெரிவதில்லை. தேவன் யோபுவை அதட்டி வாயடைக்கச் செய்யவில்லை என்று நான் விசுவாசிக்கிறேன். அவனைக் கைபிடித்து வாசலுக்கு வெளியே அழைத்து வந்தார். நீ இல்லாத இடங்களிலும், நீ பிறவாத காலங்களிலும் நான் உயிர்களைப் பராமரித்துக்கொண்டிருந்தேன். உன்னை மறந்துவிடுவேனோ என்ற பொருள் அந்த நான்கு அதிகாரங்களுக்குள் இருக்கிறது. 9 கோடி ஆண்டுகளுக்கு முன் ஒருவரும் பார்க்காத கடலில் ஒரு சுறாவுக்கு வேளாவேளைக்கு இரை கொடுத்தவர், இந்த மாதக் கடைசியில் கூலி வராத நம் சகோதரனின் வீட்டையும் அறிந்திருக்கிறார்.

ஆனாலும் இது நமக்கு ஆறுதலாக மாத்திரம் இருந்துவிடக்கூடாது. ஒரு பொறுப்பும் இருக்கிறது. நம் மாவட்டத்தின் சுண்ணாம்புக்கல் சிமெண்ட் ஆலைகளை நடத்துகிறது. நம் சபையில் எத்தனையோ குடும்பங்களில் அடுப்பு எரிவது அந்தச் சுரங்கங்களினால். நம் ஆலயத்தின் சுவரும் அதே சிமெண்ட்டால் எழும்பியதுதான். ஆகவே சுரங்கத்தை நிந்திக்க எனக்கு மனமில்லை. ஆனால் டிப்பர் லாரியில் ஏறிச் சூளைக்குப் போகும் கல்லில் ஒரு முறை மட்டும் எழுதப்பட்ட பக்கங்களும் போகின்றன. வேலை செய்யுமிடத்தில் வழக்கமில்லாத உருவமுள்ள கல்லையோ பல்லையோ எலும்பையோ கண்டால், அதை உடைத்துப் பார்க்கவேண்டாம், விற்கவும் வேண்டாம். எங்கே, எந்த அடுக்கில் கண்டீர்கள் என்பதைக் குறித்துக்கொண்டு மேற்பார்வையாளரிடமோ, வாரணவாசியிலுள்ள புதைபடிவ அருங்காட்சியகத்திலோ தெரிவியுங்கள். கிடந்த இடம் தெரியாத பல் அலங்காரப் பொருளாகிவிடும். இடம் தெரிந்த பல் சாட்சியாக நிற்கும். பிள்ளைகளோடு அந்த அருங்காட்சியகத்துக்கும், பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்தில் கிடக்கும் கல்மரத்துக்கும் ஒருமுறை போய்வாருங்கள்.

அழிந்துபோனவற்றைக் குறித்துப் பேசும்போது, இன்னும் உயிரோடிருப்பவற்றையும் நினைக்கவேண்டும். புதுச்சேரிச் சுறா என்று ஒரு சிறிய சுறா உண்டு. புதுச்சேரியில் பிடிபட்ட மீனைக்கொண்டு 1839-இல் அதற்குப் பெயரிட்டார்கள். உலகத்து அருங்காட்சியகங்களில் அதன் மாதிரிகள் 20-க்கும் குறைவு. உறுதியாக அறியப்பட்ட கடைசி மாதிரி 1979-இல் கிடைத்தது. காரைச் சுறாவின் குடும்பம் மனிதன் வருமுன்பே மறைந்துபோயிற்று. அதற்கு நாம் கணக்குச் சொல்லவேண்டியதில்லை. புதுச்சேரிச் சுறா நம் தாத்தாக்கள் காலத்தில் நம் கடலில் நீந்தியது. இன்று உலகிலுள்ள சுறா, திருக்கை இனங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அழியும் ஆபத்தில் இருப்பதாகவும், அளவுக்கு மிஞ்சிய மீன்பிடிப்பே அதற்கு முதற்காரணம் என்றும் ஆய்வாளர்கள் எச்சரிக்கிறார்கள். சமுத்திரத்து மச்சங்களை ஆண்டுகொள்ளும் பொறுப்பை ஆதியாகமத்தின் முதல் அதிகாரம் மனிதனிடம் ஒப்புவிக்கிறது. ஆளுகை என்பது எஜமானுடைய பொருளைக் கணக்கு ஒப்புவிக்கும் உக்கிராணக்காரனின் வேலை. அந்தக் கணக்கில் சுறாக்களும் சேரும்.

தம்பியைக் குறித்துக் கேட்பீர்கள். அவனை ஆலயத்துக்குத் திரும்பி வா என்று நான் வற்புறுத்தவில்லை. ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காரையைப் பற்றி ஒரு மணிநேரம் சொல்லித்தர முடியுமா என்று கேட்டேன். இரண்டு வாரம் கழித்து வந்தான். பிள்ளைகள் அவனைச் சூழ்ந்துகொண்டார்கள். அவர்களில் ஒரு சிறுமி, “அண்ணே, அந்தச் சுறாவுக்கு யாரு பேரு வச்சா? ஆதாம் வைக்கலையா?” என்று கேட்டாள். அவன் சிரித்துவிட்டு, “ஆதாமுக்கு அது தெரியாது பாப்பா. அதனால நாங்க வச்சோம்” என்றான். மிருகங்களுக்குப் பெயரிடும்படி மனிதனிடம் கொடுக்கப்பட்ட வேலை இன்னும் முடியவில்லை என்று அந்த வேளையில் எனக்குத் தோன்றிற்று. அவன் இப்போது எல்லா ஞாயிறும் வருகிறான் என்று சொன்னால் அது உண்மையாகாது. சில வாரங்கள் வருகிறான். சில வாரங்கள் வருவதில்லை. அவனுக்கும் தாய்க்கும் நடுவே வேதம் இப்போது சண்டைக்குக் காரணமாக இல்லை. அவனுக்காகவும், இப்படிப்பட்ட கேள்விகளோடு மௌனமாக இருக்கும் நம் பிள்ளைகள் எல்லாருக்காகவும் இந்த வாரம் வீடுதோறும் ஜெபியுங்கள். அவர்கள் கேட்கும்போது கோபப்படாதிருங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். அதனால் நம் விசுவாசம் குறைந்துபோகாது.

ஜெபிப்போம்.

சமுத்திரத்தையும் அதிலுள்ள யாவையும் உண்டாக்கின எங்கள் பிதாவே, எங்கள் ஊரின் மண்ணுக்கடியில் நீர் எழுதிவைத்தவற்றுக்காக உமக்கு நன்றி. எங்கள் கண்கள் காணாத காலங்களிலும் நீர் ஜீவன்களைப் போஷித்தீர். எங்கள் சிறிய வாழ்நாளையும் உம்முடைய கையில் ஒப்புவிக்கிறோம். சுரங்கத்தில் உழைக்கிறவர்களைப் பாதுகாத்தருளும். படிக்கிற எங்கள் பிள்ளைகளுக்கு உண்மையைத் தேடும் தைரியத்தையும், உம்மை விட்டு அகலாத இருதயத்தையும் தாரும். அவர்களுக்குப் பதில் சொல்லும் பொறுமையை எங்களுக்குத் தாரும். இயேசுகிறிஸ்துவின் நாமத்தில் வேண்டிக்கொள்கிறோம். ஆமென்.